வெறுப்பை யார் வாயில் வைக்கிறார்கள்?

கேள்வி இது: தன்பாலீர்ப்பு பற்றி அக்கறையோடு எடுக்கப்பட்ட படங்களில்கூட, "இது ஒரு நோய்", "இது நம் கலாச்சாரமே இல்லை", "கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்" என்றெல்லாம் பாத்திரங்கள் விலாவாரியாகப் பேசுகிறார்களே, அதை ஏன் வெட்டாமல் விடுகிறார்கள்? பார்ப்பவர் மனதில் அந்த வாதமே தங்கிவிடாதா?

தங்கிவிடலாம், நியாயமான பயம்தான். ஆனால் இந்தப் படங்களைப் பல வருடங்களாகத் தேடித்தேடிப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது வேறு. வெறுப்பான வாதம் திரையில் பேசப்படுவதால் கெடுதல் வருவதில்லை. அதை யார் பேசுகிறார், பேசும்போது கேமரா யார் முகத்தைப் பார்க்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வில்லன் பேசினால் நாம் தப்பித்துவிடுகிறோம். "நான் அவன் மாதிரி இல்லையே" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம். நமக்குப் பிடித்த ஒருவர், நாம் மதிக்கிற ஒருவர் அதே வாதத்தைப் பேசும்போதுதான் அது நம் வீட்டுப் பேச்சு என்பது உறைக்கிறது.

முதலில், வாதமே செய்யாத படங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழில் நாம் வளர்ந்தது அவற்றோடுதான். வடிவேலுவின் "அவனா நீ" தியேட்டரோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடம், ஹாஸ்டல், ஆபீஸ் என்று எல்லா இடத்துக்கும் போனது. கொஞ்சம் மென்மையாக நடக்கிற ஒவ்வொரு பையனும் அதைக் கேட்டிருப்பான். 2006-ல் வந்த வேட்டையாடு விளையாடு படத்தில் கொலைகாரர்கள் இருவருக்கும் இடையில் அப்படியொரு உறவு இருப்பதாகக் குறிப்பு காட்டுவார்கள், நாயகன் அதையே ஏளனமாகப் பேசுவார். கதைக்கு அது தேவையே இல்லை. ஒருவர் "இது தவறு" என்று சொன்னால் "ஏன்?" என்று திருப்பிக் கேட்கலாம். தியேட்டரே சிரிக்கும்போது எழுந்து யாரிடம் போய்க் கேட்பது? அதனால்தான் வாதத்தை வாய்விட்டுப் பேசவிடுகிற படம் சிரிக்கவைக்கிற படத்தைவிட நேர்மையானது என்று சொல்கிறேன். பேசப்பட்ட வாதத்துக்காவது பதில் சொல்ல வழி இருக்கிறது.

1961-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வருடத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வந்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான் சொல்வது புரியும்.

அமெரிக்கப் படம் தி சில்ட்ரன்ஸ் ஹவர். இயக்கம் வில்லியம் வைலர். பெண்கள் பள்ளி நடத்தும் இரண்டு தோழிகள் மேல் ஒரு சிறுமி பொய்ப் பழி சுமத்துகிறாள், பள்ளியே மூடப்படுகிறது. இந்தக் கதையின் மூலமான மேடை நாடகத்தை வைலர் 1936-லேயே ஒருமுறை படமாக்கியிருந்தார். அப்போது ஹாலிவுட்டின் தணிக்கை விதிப்படி இந்த விஷயத்தைத் தொடவே கூடாது. அதனால் இரண்டு பெண்களுக்கு இடையிலான காதல் என்ற பழியை, ஒரு ஆணோடு தகாத உறவு என்ற பழியாக மாற்றினார். 25 வருடம் கழித்து உண்மைக் கதையைச் சொல்ல வாய்ப்பு கிடைத்தது. அந்தப் படத்தில், ஷெர்லி மெக்லைன் நடித்த மார்த்தா தன் தோழியைத் தான் உண்மையிலேயே காதலிப்பதை உணர்கிறாள். உணர்ந்ததும் அவள் வாயிலிருந்து வருவது என்ன? தான் அசுத்தம், தன்னை நினைத்தாலே அருவருப்பு என்று அழுகிறாள். கொஞ்ச நேரத்தில் தூக்கில் தொங்குகிறாள். படமும் முடிகிறது. ஊர் பேசியதைவிடக் கொடூரமான வாதத்தை அந்தப் பெண்ணே தன்னைப் பற்றிப் பேசுகிறாள், படத்தில் அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. படப்பிடிப்பின்போது கதையின் இந்தப் பகுதியைப் பற்றித் தாங்கள் யாரும் பேசிக்கொள்ளவே இல்லை என்று மெக்லைன் பிற்பாடு ஓர் ஆவணப்படத்தில் சொன்னார். பேசாததன் விளைவு திரையில் தெரிகிறது.

பிரிட்டிஷ் படம் விக்டிம். இயக்கம் பேசில் டியர்டன், நாயகன் டர்க் போகார்ட். அதிலும் ஒரு இளைஞன் தூக்கு மாட்டிக்கொள்கிறான், போலீஸ் லாக்கப்பில். ஆனால் அது படத்தின் தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. மார்த்தாவின் சாவு கதையை மூடுகிறது, இந்தப் பையனின் சாவு கதையைத் திறக்கிறது. "இவன் ஏன் செத்தான், யார் காரணம்?" என்று கேட்டுக்கொண்டே படம் நகர்கிறது. எனக்கு இது மிகப் பெரிய வித்தியாசம்.

அப்போதைய பிரிட்டன் நிலவரம் தெரிந்தால்தான் படத்தின் துணிச்சல் புரியும். ஆண்களுக்கு இடையிலான உறவு சட்டப்படி குற்றம். அதைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்று அரசே அமைத்த வுல்ஃபென்டன் குழு 1957-லேயே பரிந்துரைத்தும் அரசு அசையவில்லை. பிடிபட்டால் சிறை என்பதால் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களுக்குக் கொண்டாட்டம். மிரட்டல் வழக்குகளில் 90 சதவீதம் இந்த விஷயத்தில்தான் வருகிறது என்று படத்தில் ஒரு போலீஸ் அதிகாரியே சொல்வார். லாக்கப்பில் இறந்த பையன் தன் கம்பெனிப் பணத்தைத் திருடி மிரட்டல்காரர்களுக்குக் கொடுத்தவன். தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அல்ல, தான் நேசித்த பெரிய வக்கீலைக் காப்பாற்றுவதற்காக. அந்த வக்கீல்தான் போகார்டின் பாத்திரம், மெல்வில் ஃபார். கல்யாணமானவர், நீதிபதி பதவியை நோக்கிப் போய்க்கொண்டிருப்பவர்.

இந்தப் படம் வாதங்களைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். மதுக்கடைக்காரர் வாடிக்கையாளர்களோடு சிரித்துப் பழகுவார், அவர்கள் போனதும், இதைச் சட்டப்படி அனுமதித்தால் மற்ற வக்கிரங்களுக்கும் லைசென்ஸ் கொடுக்க வேண்டியதுதான் என்பார். நம் டீக்கடையில் கேட்கிற அதே குரல். மிரட்டல் கும்பலின் பின்னால் இருப்பது யார் என்று கடைசியில் தெரியும்போது, அங்கே பணத்தாசை மட்டும் இல்லை. புத்தகக் கடையில் வேலை செய்யும் அந்தப் பெண் இவர்களை அருவருக்கிறாள், இவர்கள் செய்கிற பாவத்துக்கு யாராவது தண்டனை கொடுக்க வேண்டாமா என்று கேட்கிறாள். ஒழுக்கம் பேசுகிற வாயும் பணம் பறிக்கிற கையும் ஒரே உடம்பில். அப்புறம் ஒரு சின்னக் காட்சி. விசாரணை அதிகாரியின் உதவியாளர் இந்த ஆண்களைப் பற்றி வெறுப்போடு பேசுவார். "நீ ஒரு பியூரிட்டன் (கறாரான ஒழுக்கம் பேசிய பழைய கிறிஸ்தவப் பிரிவு) போலிருக்கிறதே" என்பார் அதிகாரி. அதில் என்ன தவறு என்று உதவியாளர் கேட்க, தவறே இல்லை, ஆனால் ஒரு காலத்தில் அதுவும் சட்டப்படி குற்றமாகத்தான் இருந்தது என்று பதில் வரும். அவ்வளவுதான், காட்சி நகர்ந்துவிடும். "சட்டமே குற்றம் என்கிறது" என்ற வாதத்துக்கு இதைவிடச் சுருக்கமான பதிலை நான் பார்த்ததில்லை. ஒருவனைக் குற்றவாளி ஆக்குவது சட்டம், சட்டமோ காலத்துக்குக் காலம் மாறும் என்பதை அந்த உதவியாளரின் சொந்த ஒழுக்க நம்பிக்கையை வைத்தே சொல்லிவிட்டார்கள்.

படத்தின் உச்சம் ஒரு வரவேற்பறையில் நடக்கிறது. மனைவி லாரா கேட்டுக் கேட்டுக் குடைகிறாள். அந்தப் பையனைப் பார்ப்பதை ஏன் நிறுத்தினீர்கள்? அவன்மேல் ஆசை இருந்ததால்தான் நிறுத்தினேன் என்று ஃபார் உடைந்து கத்துகிறார். 1961-ல் ஒரு முன்னணி நடிகர், பெண் ரசிகைகள் கொண்டாடிய நடிகர், அதைத் திரையில் சொன்னார். படத்தில் குறை இல்லாமல் இல்லை. ஃபார் தன் ஆசையை அடக்கிக்கொண்டவர், "தப்பு" எதுவும் செய்யாதவர் என்று படம் அவரைச் சுத்தமாகவே வைத்திருக்கிறது. காதலித்து வாழ்ந்த ஒருவரை நாயகனாக்கும் தைரியம் அதற்கு இல்லை. ஆனாலும் ஆறு வருடம் கழித்து, 1967-ல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது, மக்கள் மனதைப் பக்குவப்படுத்தியதில் இந்தப் படத்துக்கும் பங்கு உண்டு என்று பலர் எழுதினார்கள்.

சரி, நமக்குப் பிடித்த ஒருவர் வெறுப்பைப் பேசுவது என்றேனே, அதற்குச் சரியான உதாரணம் 1993-ல் வந்த ஃபிலடெல்ஃபியா. எய்ட்ஸ் வந்த வக்கீல் ஆண்ட்ரூ பெக்கட்டை (டாம் ஹாங்க்ஸ்) அலுவலகம் வேலையை விட்டுத் தூக்குகிறது. அவருக்காக வழக்காட வருபவர் ஜோ மில்லர், டென்சல் வாஷிங்டன் நடித்தது. ஜோ நல்லவர், குடும்பஸ்தர், வேடிக்கையாகப் பேசுபவர். பெக்கட்டோடு கைகுலுக்கிய பிறகு பயந்துபோய் டாக்டரிடம் ஓடுகிறார். வீட்டில் மனைவியிடம் "எனக்கு இவர்களைப் பிடிக்காது" என்று வெளிப்படையாகச் சொல்கிறார், அருவருப்போடு அடுக்கிக்கொண்டே போகிறார். தியேட்டரில் உட்கார்ந்திருந்த பாதிப் பேருடைய மனதில் ஓடியதை அவர் பேசுகிறார். அவரை மாற்றியது யாருடைய பிரசங்கமும் இல்லை. ஒரு நூலகத்தில் பெக்கட்டை எல்லோரும் ஒதுக்குவதைத் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறார், எழுந்து அவர் மேஜைக்குப் போகிறார். இருவரும் சேர்ந்து பாகுபாடு பற்றிய ஒரு தீர்ப்பை மாற்றி மாற்றிப் படிக்கிறார்கள். கறுப்பின வக்கீல் ஒருவருக்கு அந்த வரிகளை விளக்க வேண்டியதில்லை. பெக்கட்டுக்கும் அவர் துணைவருக்கும் இடையில் உள்ள காதலைக் காட்டப் படம் ரொம்பத் தயங்குகிறது, அது உண்மை. ஆனால் ஜோ மில்லரைப் படைத்ததற்காக நான் அந்தத் தயக்கத்தை மன்னித்துவிடுவேன்.

"குழந்தைகளைக் கெடுத்துவிடுவார்கள்" என்ற வாதம் தனி ரகம். அதற்கு அன்பான முகம் இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. 2008-ல் கஸ் வான் சான்ட் எடுத்த மில்க் படம் அதை நேராகச் சந்திக்கிறது. 1978-ல் கலிஃபோர்னியாவில் தன்பாலீர்ப்பு கொண்ட ஆசிரியர்களையும் அவர்களை ஆதரிப்பவர்களையும் வேலையிலிருந்து நீக்க வழி செய்யும் தீர்மானம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. முன்னின்று நடத்தியவர் ஜான் பிரிக்ஸ் என்ற மாநில செனட்டர். இவர்களுக்குப் பிள்ளை பிறக்காது, அதனால் நம் பிள்ளைகளை ஆள்சேர்க்கிறார்கள் என்பது அவர்கள் பிரசாரம். தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காமல் சான் பிரான்சிஸ்கோவில் அரசியல் செய்த ஹார்வி மில்க் தன் மேடைப் பேச்சுகளையே "உங்களை ஆள்சேர்க்க வந்திருக்கிறேன்" என்றுதான் தொடங்குவார். பிள்ளைகள் ஆசிரியரைப் பார்த்து அப்படியே ஆகிவிடுவார்கள் என்றால் ஊரெல்லாம் கன்னியாஸ்திரிகள் அல்லவா திரிய வேண்டும் என்று அவர் கேட்டது படத்திலும் வருகிறது. இன்னொரு நுட்பம்: இந்த எதிர்ப்பு இயக்கத்தின் பிரபல முகமான பாடகி அனிடா பிரையன்டை நடிகை யாரையும் வைத்துக் காட்டவில்லை, பழைய செய்திப் படச்சுருள்களில் அவரே பேசுகிறார். மிகைப்படுத்திவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் தீர்மானம் நவம்பர் 7 அன்று தோற்றது. இருபதே நாளில் மில்க்கும் மேயர் மஸ்கோனியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வாதத்தில் ஜெயித்தவர் உயிரோடு இருப்பார் என்று படம் பொய் சொல்லவில்லை.

நம் பக்கம் வருவோம். "இது நம் கலாச்சாரம் இல்லை" என்பதுதான் இங்கே முதல் வாதம். தீபா மேத்தாவின் ஃபயர், டில்லியில் ஒரு கூட்டுக் குடும்பத்தின் சமையலறைக்குள்ளிருந்தே இதற்குப் பதில் சொல்லப் பார்த்தது. மூத்த மருமகள் ராதா ஷபானா ஆஸ்மி, இளையவள் சீதா நந்திதா தாஸ். ராதாவின் கணவன் சாமியாரின் பேச்சைக் கேட்டுப் பிரம்மச்சரியம் காக்கிறான். கடைசியில் அடுப்பிலிருந்து ராதாவின் சேலையில் தீப்பிடிக்கிறது. அவன் தன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறான், மனைவியை எரிய விட்டுவிட்டு. கலாச்சாரத்தின் பேரில் பேசுகிறவன் யாரைக் காப்பாற்றுகிறான் என்பதற்கு அந்த ஒரு ஷாட் போதும். ராமாயணம் தெரிந்த யாருக்கும் அந்தத் தீ என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. தணிக்கை வாரியம் அனுமதித்த படம்தான். ஆனாலும் 1998 டிசம்பரில் சிவசேனைக்காரர்கள் மும்பையில் தியேட்டர்களை உடைத்தார்கள். டில்லியில் ரீகல் தியேட்டர் முன்னால் மெழுகுவத்தியோடு நின்ற பெண்களில் சிலர், தாங்கள் இந்தியர், லெஸ்பியனும்கூட என்று எழுதிய அட்டையைப் பிடித்திருந்தார்கள். கலாச்சார வாதத்துக்குப் படம் கொடுத்த பதிலைவிட அந்த அட்டை நேரானது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், ஃபயர் தெரியாமலே இன்னொரு பழைய வாதத்துக்கு இடம் கொடுத்துவிட்டது. கணவன்கள் சரியாக நடந்துகொள்ளாததால்தான் இந்தப் பெண்கள் ஒருவரையொருவர் தேடினார்கள் என்று படத்தைப் படிக்க முடியும். நல்ல புருஷன் கிடைத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று சொல்லிக்கொண்டே ஒருவர் எழுந்து போகலாம். நாம் என்னவாக இருக்கிறோம் என்று சொல்ல நம் மொழியில் ஒரு சொல்கூட இல்லையே என்று சீதா படத்தில் வருந்துவாள். தமிழில் அந்தக் குறையைப் போக்க எவ்வளவோ பேர் உழைத்திருக்கிறார்கள். 2022-ல் தமிழ்நாடு அரசே பால்புதுமையினரை (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோரை) கண்ணியமாகக் குறிப்பிடுவதற்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. நான் "ஓரினச்சேர்க்கை" என்று எழுதாமல் "தன்பாலீர்ப்பு" என்று எழுதுவதும் அதனால்தான். முதல் சொல் ஒரு மனிதரைப் படுக்கையோடு நிறுத்திவிடுகிறது, இரண்டாவதில் மனதுக்கும் இடம் இருக்கிறது.

சொல்லே போதாது என்று நினைத்தவர் பேராசிரியர் ராமச்சந்திர சிராஸ். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்தவர். 2010-ல் அவர் ஓர் ஆணோடு இருந்தபோது வீட்டுக்குள் கேமராவோடு புகுந்து படம் பிடித்தார்கள், பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் அவர் பக்கம் உத்தரவு வந்த சில நாட்களில் இறந்துபோனார். ஹன்சல் மேத்தாவின் அலிகர் படத்தில் மனோஜ் பாஜ்பாய் அவராகவே இருக்கிறார். 'gay' என்ற மூன்று எழுத்துச் சொல்லுக்குள் என் உணர்வுகளை எப்படிப் புரிந்துகொள்ள முடியும் என்று அவர் கேட்பார். ஒழுக்கம் பேசிய ஊர் ஒரு கிழவரின் வீட்டுக்குள் அத்துமீறிப் புகுந்தது என்பதைத் தவிர அந்தப் படம் வேறு வாதம் செய்வதில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்டதில் எனக்கு மிக நெருக்கமான வாதம்: "கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்." தமிழ்க் குடும்பங்களில் இன்றும் தினமும் பேசப்படுவது இதுதான். இதற்கு ஜியோ பேபியின் மலையாளப் படம் காதல் தி கோர் (2023) கொடுத்த பதிலுக்கு ஈடாக எதையும் நான் பார்க்கவில்லை. கோட்டயம் மாவட்டத்துத் தீக்கோயி கிராமம். ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர் மாத்யூ, மம்மூட்டி, உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கிறார். அதே நேரத்தில் அவர் மனைவி ஓமனா, ஜோதிகா, விவாகரத்துக் கேட்டு நீதிமன்றம் போகிறாள். கணவர் தன்பாலீர்ப்பு கொண்டவர் என்பதே காரணம்.

இந்த அமைப்பை யோசித்தவர்களை நான் கும்பிடுவேன். தன்பாலீர்ப்பு குடும்பத்தை உடைக்கும் என்பதுதானே வழக்கமான வாதம்? இங்கே குடும்பத்தை உடைக்க வந்திருப்பவள் மனைவி. இருபது வருடத்தில் நான்கே முறைதான் தாம்பத்தியம் என்று அவள் நீதிமன்றத்தில் சொல்கிறாள். அந்த எண்ணைக் கேட்கும்போது மாத்யூவுக்காக மட்டும் இல்லை, அவளுக்காகவும் மனம் கனக்கிறது. அவள் இளமை எங்கே போனது? மாத்யூவின் அப்பாவுக்கு மகனைப் பற்றி முன்பே தெரியும். தெரிந்தேதான் கல்யாணம் செய்து வைத்தார், சரியாகிவிடும் என்று நம்பி. அவர் கொடுமைக்காரர் இல்லை. நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெரியவரும் போலத்தான். மகனுக்கு நல்லது செய்வதாக நினைத்து மகனையும் மருமகளையும் ஒரே அறையில் இருபது வருடம் அடைத்துவிட்டார். அந்தக் குற்ற உணர்ச்சியோடு அவர் வாய் திறக்கும் நேரத்தில், வாதம் செய்ய யாருக்கும் எதுவும் மிச்சமில்லை.

அந்தப் பக்கம், மாத்யூ நேசிப்பவர், டிரைவிங் ஸ்கூல் நடத்தும் தங்கன் இருக்கிறார். ஊர் அவரைப் பார்த்துச் சிரிக்கிறது, அவரோடு இருக்கும் சிறுவனையும் சீண்டுகிறது. மாத்யூவுக்குக் கட்சியும் குடும்பப் பெயரும் இருக்கின்றன, தங்கனுக்கு எதுவும் இல்லை. அவமானம் எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதைப் படம் சத்தமில்லாமல் காட்டிவிடுகிறது. இருவரும் சேர்ந்திருக்கும் காட்சிகள் ரொம்பக் குறைவு என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. இன்னும் கொஞ்சம் பேசவிட்டிருக்கலாம்.

தமிழில் இந்த வேலையைத் தொடங்கிய படம் காதல் என்பது பொதுவுடைமை. ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கம், 2025 காதலர் தினத்தில் வந்தது. மகள் காதலிப்பதாகச் சொன்னதும் அம்மா சந்தோஷமாக விருந்துக்குத் தயாராகிறாள். வந்திருப்பது ஒரு பெண் என்று தெரிந்ததும் அத்தனை வருட முற்போக்கும் ஒரு மதியத்தில் ஆட்டம் காண்கிறது. அம்மாவாக ரோகிணி. சமூகத்துக்காகக் குரல் கொடுத்துப் பழகிய ஒருத்தி தன் வீட்டு ஹாலில் திணறுவதைப் பார்க்கும்போது அவளை வெறுக்கத் தோன்றவில்லை, பக்கத்தில் உட்காரத் தோன்றியது. சில இடங்களில் வசனம் பாடம் எடுப்பது போல் ஆகிவிடுகிறது. பரவாயில்லை. அந்தப் பேச்சு தமிழில், ஒரு வீட்டுக்குள், கேலி இல்லாமல் நடந்ததே எனக்குப் பெரிது.

இதற்கு நான்கு வருடம் முன்னால் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிஜமாகவே இப்படியொன்று நடந்தது. மதுரையிலிருந்து தப்பி வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருப்பதாக வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம்தான் 2021 ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். தன்பாலீர்ப்பை "குணப்படுத்துகிறேன்" என்று மருத்துவம் பார்ப்பதற்கு அதில் தடை வந்தது. அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

ஆனாலும் பிள்ளையைக் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப்போகிற அப்பா அம்மா இன்னும் இருக்கிறார்கள். அந்த அறையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அமைதியான குரலில், படித்த மொழியில், "மாத்திரையில் சரியாகிவிடும்" என்று சொல்வார். பெற்றோர் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். நான் பார்த்த தமிழ்ப் படம் எதுவும் அந்த அறைக்குள் முழுதாகப் போகவில்லை. டாக்டரை வில்லனாக்காமல், அவர் பேசுவதை முழுசாகப் பேசவிட்டு, கேமராவை அந்தப் பிள்ளையின் முகத்திலேயே வைத்து யாராவது எடுத்தால், முதல் நாள் முதல் காட்சிக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போவேன்.